நாலுக்கு மேல்

2018 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு என் கைப்பேசி மணியடித்து, வழக்கமான கேள்வியைக் கேட்டது: கடந்த 24 மணி நேரத்தில் உங்கள் சராசரி வலி எவ்வளவு? 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் கற்பனை செய்யக்கூடியதிலேயே மோசமான வலி. அன்று தோளிலும் முன்கையிலும் குடைச்சல் இருந்தது. ஆனாலும் மகளுக்குத் தலை பின்னிவிட்டேன், எட்டு மணி நேரம் வேலை பார்த்தேன், இரவுக்குச் சாம்பார் வைத்தேன். நேர்மையாகச் சொன்னால் அன்றைய வலி 3. நான் 5ஐ அழுத்தினேன்.

சிறிய பொய்தான். இதைவிடப் பெரிய பொய்களைச் சொல்லியிருக்கிறேன், மறந்தும் போயிருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் ஏழு வருடமாக விடவில்லை. ஏன் என்று எனக்கே விளக்கிக்கொள்ளத்தான் எழுதுகிறேன். ஒருவேளை உங்கள் வீட்டிலும் ஒருவர், அநேகமாக அம்மாவோ அக்காவோ, காரணம் தெரியாத உடம்பு வலியோடு இருக்கலாம். அவருக்கும் இது பயன்படலாம்.

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்கப் பரவிய வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகும் மந்தம். நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதத்திலேயே ஏதோ ஒரு பிசகு என்று மருத்துவர்கள் இன்று விளக்குகிறார்கள். ஆனால் இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் ஒரு முறை வகுத்தது: உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்த வேண்டும், 11 இடங்களிலாவது வலித்தால் இந்த நோய். 2010இல் வந்த புதிய விதிகள் அந்த அழுத்திப் பார்த்தலையும் கைவிட்டன. நோயாளி எங்கெங்கே வலிக்கிறது என்கிறாள், எவ்வளவு அசதி என்கிறாள், எத்தனை நாளாக என்கிறாள், இவைதான் அளவுகோல். அதாவது என் நோய்க்கு என் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி.

அந்தச் சாட்சியை நம்பவைக்க எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. ஒரு மருத்துவர் வைட்டமின் டி என்றார், இன்னொருவர் மன அழுத்தம் என்றார். மூன்றாமவர் அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மலாக இருக்கிறதே, சந்தோஷப்படுங்கள்" என்றார். 2014இல்தான் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்த அன்று காரில் உட்கார்ந்து அழுதேன். நோய் வந்ததற்காக அழவில்லை. நான் சொன்னது பொய்யில்லை என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே 'மேல்' என்றால் உடம்பு. அம்மா மாதத்தில் பாதி நாள், "மேலெல்லாம் வலிக்கிட்டி" என்பாள். சொல்லிக்கொண்டே மாவாட்டுவாள். தாங்க முடியாத அன்றைக்குத் தெருமுனை டாக்டரிடம் போவாள். அவர் கேள்வி கேட்காமல் சிவப்பாக ஒரு சத்து ஊசி போடுவார். ஒரு வாரம் அம்மாவுக்கு மேல் லேசாக இருக்கும். அந்த ஊசியில் இருந்தது பி வைட்டமின். அம்மாவுக்கு அது குறைவாக இருந்ததா என்று யாரும் பார்த்ததில்லை. அந்த ஒரு வாரத்து நிம்மதி எங்கிருந்து வந்தது என்று நானும் அப்போது யோசித்ததில்லை.

2002இல் முதுகலை படிக்க வந்து நியூ ஜெர்சியில் தங்கிவிட்ட எனக்கு, அம்மாவுக்குக் கிடைக்காத மருந்துகள் கிடைத்தன. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த நோய்க்கென்று 2007இல் பிரிகாபலினையும், 2008இல் டுலாக்ஸெடினையும், 2009இல் மில்னாசிப்ரானையும் அனுமதித்தது. முதல் இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்று எடையைக் கூட்டித் தலையில் பனிமூட்டத்தை இறக்கியது. மற்றது கொஞ்சம் உதவியது. எனவே புது மருந்து ஒன்றுக்கான ஆய்வில் ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்தேன்.

ஒப்புதல் படிவம் இருபது பக்கத்துக்கு மேல். இரட்டை மறைப்பு முறை: பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அதற்கு முன் பழைய மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்தி, உடம்பை வெறுமையாக்க வேண்டும். அந்த மூன்று வாரம் தலைக்குள் மின்னல் வெட்டியது. பிறகு ஏழு நாள் எதுவும் எடுக்காமல் இரவுதோறும் ஓர் எண் தர வேண்டும். அந்த ஏழு நாள் சராசரிதான் தொடக்கப் புள்ளி. அது 4க்குக் குறைந்தால் ஆய்வில் இடமில்லை. இந்த வரம்பை மையத்தில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அமெரிக்க அரசின் ஆய்வுப் பதிவேட்டில் விதிகள் பொதுவில் கிடக்கின்றன. விதிகளைப் படிக்காமல் எதிலும் இறங்காதது என் தொழில் தந்த பழக்கம்.

முதல் நான்கு நாள் என் எண்கள் 4, 3, 4, 4. ஐந்தாம் நாள்தான் அந்த வியாழக்கிழமை. 3 போட்டால் சராசரி 3.6 ஆகிவிடும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. மூன்று வாரம் மருந்தில்லாமல் பட்ட பாடு வீணாகும், மறுபடி பழைய மருந்துக்கே போக வேண்டும். 5, அடுத்த நாள் 6, அதற்கடுத்த நாள் 5. சராசரி 4.4. உள்ளே வந்துவிட்டேன்.

அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் இரண்டு. இரண்டும் அத்தனை மோசமானவை அல்ல என்று இன்றும் நினைக்கிறேன்.

முதலாவது, அந்த எண்ணே ஒரு பொய்தானே என்பது. அம்மாவின் பேச்சில் வலிக்குப் பத்துப் பெயர் உண்டு. குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, கடுப்பு வேறு. குத்தல், இழுப்பு, பிடிப்பு, எரிச்சல், மதமதப்பு எல்லாம் தனித்தனி. இத்தனையையும் ஒரே எண்ணில் அடை என்றால், 3க்கும் 5க்கும் நடுவே எங்கே கோடு? குறைத்துச் சொல்லியே வளர்ந்த பெண்ணுக்கு 3 என்பது வேறொருத்தியின் 5 ஆக இருக்கக் கூடாதா? செயல்திறன் பற்றிய வினாத்தாளில், "உங்கள் தலையை வாருவது எவ்வளவு கடினம்?" என்று ஒரு கேள்வி உண்டு. மகளுக்கு இரட்டைப் பின்னல் போடுவது எவ்வளவு கடினம் என்று எதிலும் கேள்வி இல்லை.

இரண்டாவது, வாசல் அநியாயமாக இருந்தால் வளைந்து நுழைவது குற்றமா என்பது. இதை டொரொண்டோவில் இருக்கும் ஒரு தோழியிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறுகளில் வந்தவள். அவள் சிரித்தாள். "நடந்ததை நடந்தபடி சொன்னால் காணாது எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்தவை. படிவத்துக்கு ஏத்த மாதிரித்தானே நாங்கள் கனபேர் வந்தனாங்கள்" என்றாள். விசா, வேலை, வீட்டுக்கடன் என்று நம்மில் பெரும்பாலோர் ஏதோ ஒரு படிவத்தின் முன்னால் நம் வாழ்க்கையைச் சற்று இழுத்தோ மடித்தோ காட்டியவர்கள்தான். வள்ளுவரும், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்கிறார். என் பொய்யால் யாருக்கு என்ன தீங்கு?

பதினான்கு வாரம் இரவுதோறும் ஒரு மாத்திரை. மையத்திலிருந்த செவிலி அன்பானவர். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என்னைப் பேசவிட்டுக் கேட்டார். நான் கொஞ்சம் நன்றாகத் தூங்கத் தொடங்கினேன். கடைசி வாரச் சராசரி 3.0. வீட்டில் எல்லோரிடமும், "மருந்து வேலை செய்கிறது" என்றேன்.

ஒன்றரை வருடம் கழித்துக் கடிதம் வந்தது. எனக்குக் கொடுத்தது வெற்று மாத்திரை.

கணவர் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "அப்போ இதெல்லாம் மனசுதானா?" அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் எந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க ஐந்து வருடம் அலைந்தேனோ, அதே கேள்வி என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. வெற்று மாத்திரையால் வலி குறைவதால் வலி பொய்யாகிவிடாது என்று அவருக்கு விளக்க முடிந்தது. எதிர்பார்ப்பும் கவனிப்பும் மூளை வலியைக் கையாளும் விதத்தை உண்மையிலேயே மாற்றும். மூட்டுத் தேய்மானம் படத்தில் தெளிவாகத் தெரியும் நோயாளிக்கும் இது நடக்கும். அவருக்குச் சொல்ல முடியாதது ஒன்று இருந்தது. என் விஷயத்தில் குறைந்தது எது? 4.4இலிருந்து 3.0க்கு வந்ததில் மாத்திரையின் மீதான நம்பிக்கை எவ்வளவு, செவிலியின் கனிவு எவ்வளவு, ஏற்றிச் சொன்ன எண் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் நினைவு சரியென்றால், கடைசி மூன்று நாளின் உண்மை எண்கள் 3, 3, 4. அப்படியானால் தொடக்கச் சராசரி 3.6. அங்கிருந்து 3.0 என்பது 16 சதவீதக் குறைவு. நான் எழுதிக் கொடுத்த 4.4இலிருந்து பார்த்தால் 32 சதவீதம். வலி ஆய்வுகளில் 30 சதவீதம் குறைந்தாலே குறிப்பிடத்தக்க பலன் என்று கொள்வது வழக்கம். ஆக, வெற்று மாத்திரையால் பலன் பெற்றவள் என்ற பட்டியலில் ஒரு பெயரை நான் சேர்த்திருக்கிறேன். என் உடம்பு செய்யாத வேலையை என் விரல் செய்துவிட்டது.

தீங்கு யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பொய் சொன்னவர்கள் இரு குழுவிலும் சமமாகத்தானே விழுவார்கள், கழிந்துபோகாதா என்று முதலில் நினைத்தேன். கழியாது. தொடக்கத்தில் ஏற்றிச் சொன்ன எல்லோரின் எண்ணும் இரு குழுவிலும் தானாக இறங்கும். வெற்று மாத்திரை உண்மையைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும், மருந்து தன் வேலையைக் காட்ட மிஞ்சும் இடம் சுருங்கும். இந்த நோயில் அந்த இடம் ஏற்கெனவே மிகச் சிறியது. பிரிகாபலின் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீட்டின்படி, வெற்று மாத்திரையைவிட அது பெரும் நிவாரணம் தருவது நூற்றில் சுமார் 10 பேருக்குக் கூடுதலாக. அமெரிக்கா அனுமதித்த அந்த மூன்று மருந்துகளையும் ஐரோப்பிய மருந்து முகமை இந்த நோய்க்கு ஏற்க மறுத்துவிட்டது. பலன் போதாது என்று அங்கே முடிவானது. மிரோகபாலின் என்று இன்னொரு மருந்து, நரம்பு வலிக்கு ஜப்பானில் 2019இல் அனுமதி பெற்றது. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு நடந்த மூன்று பெரிய ஆய்வுகளிலும் வெற்று மாத்திரையைத் தாண்ட முடியாமல் தோற்றது. அதில் மருந்தின் குறையே காரணமாக இருக்கலாம். நான் கலந்துகொண்டது அந்த ஆய்வும் இல்லை. ஆனாலும் ஒரு மருந்து மயிரிழையில் தோற்றது என்று படிக்கும்போதெல்லாம், அந்த இழையில் என்னைப் போன்றவர்களின் விரல்கள் எத்தனை என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை.

தோழியின் கதைக்கும் என்னுடையதற்கும் வித்தியாசம் இங்கேதான். அவள் விசாரணை அறையில் எதிரே இருந்தது அவளைத் திருப்பி அனுப்பும் அதிகாரம், பின்னால் இருந்தது உயிர்ப்பயம். அவளுடைய வாக்குமூலம் அவளுடைய வழக்குக்கு மட்டுமானது. நான் தொட்ட எண் என்னைப் பற்றிய வாக்குமூலமாக மட்டும் இருக்கவில்லை. இன்னும் நோயின் பெயர்கூடத் தெரியாத ஒருத்திக்கு நாளை என்ன மருந்து கொடுக்கலாம் என்று அளக்கும் கோலில் அது ஒரு கோடு. வள்ளுவர் வைக்கும் நிபந்தனை நன்மை என்பதோடு நிற்கவில்லை, அது குற்றமற்றதாகவும் இருக்க வேண்டும். நான் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மருந்துக் கம்பெனிக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வு வென்றால் லாபம் அவர்களுக்கு, எனக்குப் பெட்ரோல் செலவுக்குக் கொஞ்சம் டாலர். கம்பெனிக்கு நான் பட்ட கடன், கையெழுத்திட்ட வாக்கு மட்டுமே. ஆனால் அந்த மாத்திரையை விழுங்கப் போகிறவள் கம்பெனி அல்லவே.

இதில் இன்னொரு மயக்கமும் இருந்தது. நான் போனது மருந்து பெற. அவர்கள் அழைத்தது அறிய. ஆய்வைச் சிகிச்சை என்று எண்ணிக்கொள்ளும் இந்தக் குழப்பத்துக்குப் பால் ஆப்பிள்பாமும் அவருடைய சகாக்களும் 1982இலேயே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சிகிச்சை மயக்கம் என்று தமிழில் சொல்லலாம். படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் "இது ஆய்வு" என்றுதான் இருந்தது. வலியில் இருப்பவளின் கண்ணுக்கு அது "இது மருந்து" என்று தெரிந்தது. அதைச் சிகிச்சை என்று எண்ணியதால்தான் வாசலில் கேட்ட எண்ணைக் கட்டணம்போல நினைத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியது, அவ்வளவுதான்.

மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி அறிக்கையை உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்டது. 2024இல் அதைத் திருத்தியபோது, ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர் என்ற பொருளில் அதுவரை இருந்த சொல்லை எடுத்துவிட்டு, பங்கேற்பாளர் என்ற சொல்லை வைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. உட்படுத்தப்படுபவளுக்கு உரிமைகள் உண்டு: மறைக்காமல் சொல்லப்பட வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், முடிவு அவளுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். பங்கேற்பவளுக்கு இவை எல்லாமும் உண்டு, கூடவே பங்கும் உண்டு.

அம்மாவின் ஊசியை இப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. நீண்ட வரிசையில் நின்ற பெண்களுக்கு அவரால் கொடுக்க முடிந்த ஆறுதல் அது. ஆனால் ஊசியில் என்ன இருக்கிறது, ஏன் போடுகிறார் என்று சொல்லாமல் போட்டார். ஆய்வு மையமும் எனக்கு ஒன்றுமில்லாத மாத்திரையைத் தந்தது. ஆனால் அப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி, என் கையெழுத்தைப் பெற்றுத் தந்தது. சொன்னதும் சொல்லாததும்தான் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை. அந்தக் கணக்கில் பார்த்தால், அவர்கள் என்னிடம் மறைக்காதபோது நான்தான் அவர்களிடம் மறைத்தேன். ஊசி போட்ட டாக்டரின் இடத்தில் நான் இருந்தேன், அவருடைய இரக்கம்கூட இல்லாமல்.

கடிதம் வந்து ஒரு வருடம் கழித்து மையத்துக்கு எழுதினேன். மூன்று நாள் எண்களை ஏற்றிச் சொன்னேன் என்று. நன்றி தெரிவித்து, கோப்பில் குறித்துக்கொள்வதாகவும், தரவு எப்போதோ பூட்டப்பட்டுவிட்டதாகவும் பதில் வந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

2023இல் இன்னொரு ஆய்வு, வேறு மையம், வேறு மருந்து. இந்த முறை எண் தரத் தொடங்கும் முன் பங்கேற்பாளர்களுக்கு அரை மணி நேரப் பயிற்சி வைத்தார்கள். கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள், எங்களை மகிழ்விக்க முயலாதீர்கள், உங்களுக்கு என்ன எண்ணோ அதுவே எங்களுக்கு வேண்டும் என்றார் பயிற்சி தந்த பெண். நாற்பத்து நான்கு வயதில்தான் ஒருவர் என் வலியை அதன் அளவிலேயே கேட்கிறேன் என்று சொல்லிக் கேட்டேன். பழைய கதையை அவரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார். ஏழு நாள் உள்ளதை உள்ளபடி எழுதினேன். சராசரி 3.7. எட்டாம் நாள் தொலைபேசியில் அழைத்து, வருந்துகிறோம் என்றார்கள்.

உண்மையைச் சொன்னதற்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. மறுபடி மருந்தை நிறுத்திய மூன்று வாரம், மறுபடி மின்னல், ஒன்றும் கையில் இல்லை. 3.7 உள்ளவளுக்கும் நோய் உண்டு, அவளுக்கும் மருந்து வேண்டும், அவளை அளக்கும் ஆய்வுகள் குறைவு என்ற என் மனத்தாங்கல் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் விதி வகுப்பவர்களின் மேசை. இப்போது அங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆய்வைத் திட்டமிடும்போதே நோயாளிகளைக் கலந்து ஆலோசிக்கும் குழுக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் மாதம் ஒரு மாலை உட்காருகிறேன்.

2025 ஆகஸ்டில், நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் சைக்ளோபென்சாப்ரின் மாத்திரைக்கு எஃப்.டி.ஏ. இந்த நோய்க்காக அனுமதி தந்தது. 2009க்குப் பிறகு இந்த நோய்க்கு வந்த முதல் அனுமதி. அதன் முந்தைய ஆய்வுகளில் சில தோற்றிருக்கின்றன. பிந்தைய ஆய்வுகளில், முகம் தெரியாத சில நூறு பேர் இரவுதோறும் ஓர் எண் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் 3ஐ 3 என்றே எழுதினார்களோ, அவர்களுக்கு நான் கடன்பட்டவள்.

அம்மாவிடம் போனில் இந்தச் செய்தியைச் சொன்னேன். எழுபத்தைந்து வயதில் அவளுக்கு இந்த நோயின் பெயர் வாயில் நுழையாது. "எனக்கும் அதாட்டி இருந்துச்சு?" என்றாள். இருந்திருக்கலாம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இன்னைக்கு ஒனக்கு மேலு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். வழக்கமாக இந்தக் கேள்விக்கு, "பரவால்லம்மா" என்பேன். அன்று, "நாலும்மா. கையில குடைச்சல், முதுகுல பிடிப்பு" என்றேன்.